தில்லியின் காற்றும் மூன்று துறைகளும்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தில்லிச் சாலைகளில் டீசல் பேருந்துகள் கரும்புகை கக்கிச் சென்றன. புகையிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று ஆஸ்துமா முதலிய நோய்களை மிகுவிக்கும் என மருத்துவ ஆய்வாளர் எடுத்துரைத்தனர்.

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் தூய காற்றும் அடங்கும் என்பது அதன் சட்ட அடிப்படை. நகரப் பேருந்துகள் அனைத்தும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவில் இயங்கவேண்டும் என 1998 ஜூலை 28 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது.

பெரும்பாலும் மீத்தேனால் ஆன அவ்வாயு எரியும்போது, பழைய டீசல் பேருந்துகளைவிட மிகக் குறைந்த துகள்களே வெளிப்படும். அதற்கேற்பப் பொறியாளர் இயந்திரங்களை வடிவமைத்தனர். எரிவாயு நிலையங்கள் போதாமையால் ஓட்டுநர் நீண்ட வரிசைகளில் காத்திருந்தனர், காலக்கெடுவும் நீண்டது. ஆயினும், 2002ஆம் ஆண்டின் இறுதிக்குள் அம்மாற்றம் நிறைவேறியது.

பின்னர் வாகனப் பெருக்கம் முதலிய காரணங்களால் மாசு மீண்டும் மிகுந்தது. எனவே, மூன்று துறையினர்க்கும் பணி இன்னும் எஞ்சியுள்ளது.

வினாக்கள்
1. பாடம் கூறும் மூன்று துறைகள் யாவை?
2. அவற்றுள் ஒன்று இல்லாதிருப்பின் என்ன நேர்ந்திருக்கும்?