"வீட்லதானே இருக்க?"

"வீட்லதானே இருக்க, மல்லாட்டை காயப் போட்டிருக்கேன், ஒரு கண்ணு பாத்துக்க."

கீழ்பென்னாத்தூரில் என் அண்ணன் வீட்டில் காலை பத்து மணிக்கு இந்தக் குரல் கேட்கும். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. சொல்வது அண்ணி. காதில் வாங்கிக்கொள்வது அண்ணன் மகள். அந்த நேரத்தில் அவள் சென்னைக் கம்பெனி ஒன்றின் மீட்டிங்கில் இருப்பாள். ஒரு காதில் ஹெட்செட், மறு காதில் அம்மா. கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்தவள், குழந்தைக்கு இரண்டு வயதான பிறகும் இங்கிருந்தேதான் வேலை பார்க்கிறாள். கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பது அவள். ரேஷன் கடையில் பருப்பு போடுகிறார்கள் என்றால் ஓடுவதும் அவள்.

இப்படி லேப்டாப்போடு ஊர் திரும்பியவர்கள் திருவண்ணாமலை–செஞ்சி சாலை நெடுக இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி வீட்டாருக்குச் சில நம்பிக்கைகள், சென்னையில் இருக்கும் மேனேஜருக்குச் சில நம்பிக்கைகள். இரண்டுக்கும் நடுவில் நசுங்குவது வேலை பார்க்கிற பிள்ளைதான்.

நம்பிக்கை: வீட்டிலிருந்து வேலை கொரோனாவோடு வந்தது, நமக்குப் பழக்கமில்லை.

அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் என்பவர் தொலைவிலிருந்து வேலை செய்யும் முறைக்கு ஒரு பெயர் சூட்டியது 1973இல். அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே நம் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியில் பட்டு நெசவாளர்கள் வீட்டில்தான் வேலை செய்தார்கள். தறி இருக்கும் வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே முதல் இடம் தறிக்குத்தான். குழித்தறிக்கு எங்கே வெளிச்சம் விழும் என்று பார்த்து இடம் ஒதுக்கிய பிறகுதான் அடுப்பும் படுக்கையும். பாவு போட, தார் சுற்ற வீட்டில் எல்லோருக்கும் கை வரும். தறியில் உட்கார்ந்திருப்பவரை மல்லாட்டைக்குக் காவல் வைக்க யாருக்கும் தோன்றாது. அங்கே சத்தம் போடுவது தறி. அந்தச் சத்தம் நின்றால் கூலி நின்றது என்று குழந்தைக்கும் தெரியும்.

லேப்டாப்புக்குச் சத்தம் இல்லை. ஒரு பெண் கட்டிலில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது வேலையா சினிமாவா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் மூலை எதுவோ அதுதான் லேப்டாப்புக்கு. வீட்டிலிருந்து செய்யும் வேலை நமக்குப் பழகியதுதான். ஓசையில்லாத இந்த வேலையை வேலையாகப் பார்க்கத்தான் இன்னும் பழகவில்லை.

நம்பிக்கை: எல்லாம் ஆளைப் பொறுத்தது. கட்டுப்பாடு உள்ளவன் எங்கிருந்தாலும் வேலை பார்ப்பான்.

மேனேஜர்கள் அடிக்கடி சொல்வது இது. ஆளைத்தான் பொறுத்தது என்றால் பின்வரும் இரண்டு ஆய்வுகளும் ஒரே பதிலைத் தந்திருக்க வேண்டும்.

முதலாவது சீனாவில் நடந்தது. சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் ஷாங்காய் கால் சென்டரில், 2010 கடைசியில் தொடங்கி ஒன்பது மாதம், ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூமும் அவருடைய கூட்டாளிகளும் செய்தது. விருப்பப்பட்டு முன்வந்தவர்களில் பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், ஒற்றைப்படைக்காரர்கள் ஆபீசில். வீட்டுக்குப் போனவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டு விலகுவோர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது.

இரண்டாவது நம் சென்னையிலேயே நடந்தது. டேவிட் அட்கின், ஆன்டனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகிய மூவரும் டேட்டா என்ட்ரி வேலைக்குப் புதிதாக ஆள் எடுத்து, சீட்டுக் குலுக்குவதுபோல் சிலரை வீட்டுக்கும் சிலரை ஆபீசுக்கும் பிரித்தார்கள். 2023இல் வெளிவந்த முடிவு: வீட்டில் இருந்தவர்களின் வேலை 18 சதவீதம் குறைவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. மிச்சம், ஆபீசில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது.

அங்கே 13 கூடியது, இங்கே 18 குறைந்தது. சீனர்களுக்குக் கட்டுப்பாடு அதிகம், நமக்குக் குறைவு என்று முடிவு கட்டுவதற்கு முன், ஷாங்காயில் யாரை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று பார்க்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். பிராட்பேண்ட் இருக்க வேண்டும். வேலை நேரத்தில் வேறு யாரும் வராத தனி அறை வீட்டில் இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஆபீசுக்கும் வந்தார்கள். வேலை தெரிந்தவருக்கு ஒரு கதவும் ஒரு கம்பியும் இருந்தன. அதனால் வேலை நடந்தது.

சென்னை ஆய்வில் என்னை உறுத்துவது வேறொரு கணக்கு. வீடுதான் வேண்டும் என்று கேட்டவர்கள், ஆரம்பத்தில் மற்றவர்களைவிட 12 சதவீதம் வேகமாகவும் பிழை குறைவாகவும் வேலை செய்தவர்கள். கெட்டிக்காரர்கள். அவர்களே வீட்டில் உட்கார்ந்தபோது, ஆபீசில் செய்திருக்கக்கூடியதைவிட 27 சதவீதம் குறைவாகச் செய்தார்கள். ஆபீஸ் வேண்டும் என்றவர்களுக்கு அந்தச் சரிவு 13தான். குழந்தை இருக்கும் வீடு, வேறு பராமரிப்புப் பொறுப்பு இருக்கும் வீடு, வசதி குறைந்த வீடு ஆகியவை இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியை விளக்குகின்றன என்கிறார்கள் ஆய்வாளர்கள். வெளியே போக முடியாததால்தான் வீட்டைக் கேட்கிறார்கள். எது அவர்களைப் போகவிடாமல் தடுத்ததோ அதுவே வீட்டிலும் வேலையைத் தடுக்கிறது. உதவி முதலில் போய்ச் சேர வேண்டியது இவர்களுக்குத்தான். நடப்பில் "பர்ஃபார்மன்ஸ் சரியில்லை" என்று முதலில் கடிதம் வருவதும் இவர்களுக்குத்தான்.

நம்பிக்கை: வீட்டில் இருந்தால் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம்.

முடியாது. இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது முழு நேர வேலை.

2017இல் திருத்திய மகப்பேறு சட்டம் 26 வார விடுப்பு தந்தது. விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை பார்க்கவும் வழி சொன்னது. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் அந்தக் காப்பகம் சென்னையில் இருந்தால் கீழ்பென்னாத்தூர்க் குழந்தைக்கு என்ன பயன்? பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சம்பளம் கொடுத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல ஆகும் செலவில் ஒரு பங்கை கம்பெனி ஏற்றால், அந்தச் சட்டத்தின் நோக்கம் இங்கேயும் நிறைவேறும். பணம் தராவிட்டால் நேரமாவது தரட்டும். காலையில் நாலு மணி நேரம், குழந்தை தூங்கும் பிற்பகலில் இரண்டு, இரவில் இரண்டு என்று பிரித்துக்கொள்ள அனுமதிப்பதற்குக் காசு செலவில்லை.

நம்பிக்கை: ஊர்ப்பக்கம் நெட் சரியிருக்காது.

கேபிள் டிவிக்காரரே ஃபைபர் இழுத்துத் தருகிற காலம் இது. நெட் அறுந்து போவதற்குப் பெரும்பாலும் காரணம் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போட்டுவிட்டு காலை 9 மணிக்கு நிறுத்தினால், பிற்பகலில்தான் வரும். அண்ணன் மகள் ஒரு நாள் கேட்டாள்: "சித்தப்பா, கரண்ட் எப்ப வரும்னு ஆபீஸ்ல கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?" பேப்பரில் வந்த அறிவிப்பை முந்தின நாளே மேனேஜருக்கு அனுப்பிவிடு, அன்றைக்கு வேலை நேரத்தை மாற்றிக் கேள் என்றேன். அப்படிக் கேட்கலாம் என்பதே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. மழைக்கு முன் அறுவடை செய்கிற ஊரில் பிறந்தவள், கரண்டுக்கு ஏற்ப வேலையை நகர்த்துவது குற்றம் என்று நினைத்திருக்கிறாள்.

ரவுட்டர் பத்து வாட் அளவுக்குத்தான் மின்சாரம் இழுக்கும். அதற்கென்றே சின்ன பேட்டரிப் பெட்டி கடையில் கிடைக்கிறது. சில மணி நேரம் தாங்கும். அதற்கும் மேலே போனால் செல்போன் நெட். அப்போது வீடியோவை நிறுத்திவிட வேண்டும். குழுவாகப் பேசும் வீடியோ அழைப்புக்கு விநாடிக்கு 2 முதல் 4 மெகாபிட் வரை வேண்டும்; வெறும் குரலுக்கு 0.1 மெகாபிட்டே போதும். "கேமராவை ஆன் பண்ணுங்க" என்ற ஒரு வார்த்தை எவ்வளவு சுமையை ஏற்றுகிறது என்று மேனேஜர் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்பிக்கை: கண்காணித்தால்தான் வேலை நடக்கும்.

ஆசியாவின் பெரிய ஐடி சேவை நிறுவனம் ஒன்றில் 10,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை, 2020 ஊரடங்குக்கு முன்னும் பின்னும் வைத்து கிப்ஸ், மெங்கல், சீம்ராத் என்ற மூவர் ஆராய்ந்தார்கள். வீட்டுக்குப் போன பிறகு வேலை நேரம் கூடியிருந்தது. அதாவது யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் மீட்டிங் பெருகி, இடையூறில்லாமல் உட்கார்ந்து வேலை செய்யும் நேரம் சுருங்கியிருந்தது. மேலதிகாரி தனியாகப் பேசிக் கற்றுக்கொடுப்பதும் குறைந்திருந்தது. மவுஸ் அசைகிறதா என்று பார்க்கும் மென்பொருளால் இதில் எதையும் சரிசெய்ய முடியாது. வாரம் ஒரு முறை, அரை மணி நேரம், "எங்க மாட்டிக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டால் சரியாகும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வாரம் ஒரு முறைகூடப் போதாது.

நம்பிக்கை: வாடகை மிச்சம், பஸ் காசு மிச்சம்; கம்பெனி வேறு எதற்குத் தர வேண்டும்?

மிச்சம் உண்மைதான். செலவும் உண்டு. 60 வாட் லேப்டாப்பும் 75 வாட் மின்விசிறியும் நாளைக்கு 9 மணி நேரம், இரண்டு மாதத்தில் 44 வேலை நாள் ஓடினால் 53 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதியை அது தின்றுவிடும். சித்திரை வெயிலுக்கு ஏசி போட்டு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். பிளாஸ்டிக் நாற்காலியில் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரும் இடுப்பு வலியை எந்தப் பில்லில் சேர்ப்பது? ஒரு நல்ல நாற்காலி, கண் மட்டத்துக்குத் திரையை உயர்த்த ஒரு ஸ்டாண்ட், தனியாக ஒரு கீபோர்டு. ஆபீசில் இருந்தால் இவற்றை கம்பெனியேதான் வாங்கியிருக்கும்.

நம்பிக்கை: ஒன்று முழுக்க வீடு, இல்லாவிட்டால் முழுக்க ஆபீஸ்.

2020 ஏப்ரலில் டிசிஎஸ், 2025க்குள் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் மட்டும் ஆபீசில் இருந்தால் போதும் என்ற திட்டத்தை அறிவித்தது. 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. ஒரு கோடியிலிருந்து மறு கோடி. ஷாங்காயில் சோதனை முடிந்ததும், வீட்டிலிருந்தவர்களில் பாதிப் பேர் தனிமை தாங்காமல் ஆபீசுக்கே திரும்பினார்கள். அதே சிட்ரிப் நிறுவனம், ட்ரிப்.காம் என்று பெயர் மாறிய பிறகு, சுமார் 1,600 பேரிடம் வாரம் இரண்டு நாள் மட்டும் வீடு என்று சோதித்தது. 2024இல் வந்த முடிவின்படி வேலைத் தரத்திலும் பதவி உயர்விலும் குறை எதுவும் இல்லை. விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வாரம் மூன்று நாள் சென்னைக்குப் போக முடியாது. ஆனால் ஆபீஸ் சென்னையில்தான் இருக்க வேண்டுமா? மென்பொருள் நிறுவனமான ஜோஹோ 2011இலேயே தென்காசியில் ஒரு சிறு கிளையோடு தொடங்கியது. விழுப்புரம் மாவட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் ஐடி பூங்கா 2024 பிப்ரவரியில் திறந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை சுமார் 20 கிலோமீட்டர். நாலைந்து கம்பெனிகள் சேர்ந்து அங்கே ஓர் அறை பிடித்தால், இந்தச் சாலையில் இருப்பவர்கள் வாரம் ஒரு நாளோ இரண்டு நாளோ பஸ் ஏறிப் போய் ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பௌர்ணமியையும் கார்த்திகை தீபத்தையும் தவிர்த்து நாள் குறிக்க வேண்டும். அன்றைக்கு சாலை பக்தர்களுக்கு.

அதுவரை அண்ணன் வீட்டில் பின்கட்டு அறையைக் காலி செய்திருக்கிறோம். மூட்டைகளை வெளியே எடுத்து, ஜன்னல் பக்கம் மேசை போட்டாயிற்று. கதவில் சிவப்புத் துண்டு தொங்கினால் யாரும் கூப்பிடக் கூடாது என்று ஏற்பாடு. முதல் நாள் அண்ணி துண்டைத் துவைக்கப் போட்டுவிட்டார். இப்போது அதற்கென்று ஆணி அடித்து, மல்லாட்டைக்குத் தானே காவல் இருக்கிறார்.