முகம் தெரியாதவரோடு வாதாடப் போகும் இளையோருக்கு

கருத்துரிமை, தனியுரிமை, இணைய முடக்கம் பற்றியெல்லாம் சமூக வலைதளங்களில் வாதாடத் தொடங்கியிருக்கும் தம்பி, தங்கைகளே! நீங்கள் பேசப்போவது பொழுதுபோக்குக்கான விஷயமல்ல. 2012 நவம்பரில் மும்பை கடையடைப்பைப் பற்றி ஃபேஸ்புக்கில் கேள்வி எழுப்பிய ஓர் இளம்பெண்ணும், அதற்கு லைக் போட்ட தோழியும் பால்கரில் கைதானார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக வாதாட வருகிறவருக்குப் பொறுப்பு வேண்டும். அதற்காகத்தான் இவற்றைச் சொல்கிறேன்.

1. தீர்ப்பைப் படித்துவிட்டுப் பேசுங்கள். எல்லாவற்றிலும் முதன்மையானது இதுதான். 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில், இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய இடம் தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது எல்லோருக்கும் தெரியும். அதே தீர்ப்பு, இணையப் பக்கங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ பிரிவைச் செல்லும் என்று சொன்னது பலருக்குத் தெரியாது. 2020 ஜனவரியில் வந்த அனுராதா பாசின் தீர்ப்பும் அப்படித்தான். ‘இணையம் அடிப்படை உரிமை’ என்று அதில் தீர்ப்பானதாக இன்றும் எழுதுகிறார்கள். நீதிமன்றம் சொன்னது வேறு: இணையத்தின் வழியே பேசுவதற்கும் தொழில் செய்வதற்கும் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது, காலவரையறை இல்லாமல் இணையத்தை முடக்கக் கூடாது, முடக்கும் ஆணையை வெளியிட வேண்டும். அப்போது இணையம் முடக்கப்பட்டிருந்த காஷ்மீருக்கு உடனே இணைப்பைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. ஆணைகளை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அங்கே 4ஜி சேவை முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று.

விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகச் சொல்வது தீர்ப்பு ஆகாது. தொலைக்காட்சிகள் அதைத்தான் பெரிய எழுத்தில் போடும். மாறுபட்ட தீர்ப்பும் அப்படியே. ஆதார் வழக்கில் நீதிபதி சந்திரசூட் எழுதியது மிக வலுவானது. ஆனால் ஐவரில் அவர் ஒருவருடைய கருத்து அது. அதை எடுத்துக்காட்டும்போது, சிறுபான்மைக் கருத்து என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். எதிராளி கண்டுபிடித்துச் சொன்னால் உங்கள் மற்ற வாதங்களும் சேர்ந்து சரியும்.

2. கருத்துரிமையைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தத்தை இங்கே இழுத்து வராதீர்கள். நம் நாட்டின் முதல் திருத்தம் எதிர்த்திசையில் போனது. கம்யூனிஸ்ட் சார்புள்ள ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாதென அன்றைய அரசு தடை போட்டது. 1950இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. மறு ஆண்டே அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, ‘பொது ஒழுங்கு’ என்ற காரணம் கருத்துரிமைக்கான வரம்புகளில் சேர்ந்தது. கூடவே வரம்புகள் ‘நியாயமானவை’யாக இருக்க வேண்டும் என்ற காப்பும் வந்தது. நம்முடைய வாதமெல்லாம் அந்த ‘நியாயமான’ என்ற எல்லைக்குள் நடப்பதுதான்.

3. எதிராளியின் உரிமைக்கும் சேர்த்துப் பேசுங்கள். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படம் இடஒதுக்கீட்டை விமர்சித்தது. போராட்டம் வெடிக்கும் என்ற அச்சத்தைக் காரணம் காட்டி ஒரு படத்தைத் தடுக்கக் கூடாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இடஒதுக்கீடு இல்லாமல் இங்கே சமூக நீதி இல்லை என்று நம்புகிறவன் நான். அந்தப் படத்தின் கருத்து எனக்குத் துளியும் ஏற்பில்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரி. எழுத்தாளர் பெருமாள்முருகனின் எழுத்துரிமைக்காக 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பைக் கொண்டாடுகிறவர், 1989 தீர்ப்பையும் ஏற்கத்தான் வேண்டும். நமக்குப் பிடிக்காதவர் கைதாகும்போது நாம் என்ன எழுதுகிறோம் என்பதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது.

4. ‘மறைக்க ஒன்றுமில்லை என்றால் பயம் எதற்கு?’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கோபப்படாமல் 2017 ஆகஸ்ட் 24இன் புட்டசாமி தீர்ப்பைக் காட்டுங்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. இந்த மூன்றையும் கேள்விகளாக எதிராளியிடமே கேளுங்கள். இதே அடிப்படையில்தான் 2018இல் வங்கிக் கணக்கோடும் சிம் கார்டோடும் ஆதாரைக் கட்டாயமாக இணைப்பது செல்லாது என்றானது. பான் அட்டையோடு இணைப்பது செல்லும் என்றானது.

5. கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தி அனுப்புபவரின் கைபேசியில் பூட்டப்பட்டு, பெறுபவரின் கைபேசியில்தான் திறக்கும். நடுவில் நிறுவனம் படிக்க முடியாது. ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்பதுபோன்ற விவரங்கள் நிறுவனத்துக்குத் தெரியவரும். கைபேசியையே பறிமுதல் செய்து திறந்துவிட்டால் பூட்டுக்கு வேலையில்லை. ‘வாட்ஸ்அப்பில் போனால் யாருக்கும் தெரியாது’ என்று ஒருநாளும் எழுதாதீர்கள். அதை நம்பி ஒருவர் மாட்டிக்கொள்வார்.

செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய வேண்டும் என்கிறது 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதி. அதை ஆதரிப்பவர்களை அரசின் ஆள் என்று ஏசாதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த ஒரு முதிய பெண்மணியைக் குழந்தை கடத்துபவர் என்று நினைத்துக் கூட்டம் அடித்துக் கொன்றது. வதந்தியைப் பரப்பியவரைப் பிடிக்க வேண்டாமா என்று கேட்பவரின் வேதனை உண்மையானது. அதை ஒப்புக்கொண்டுவிட்டு உங்கள் தரப்பைச் சொல்லுங்கள்: அந்த விதிப்படி, வெளிநாட்டில் தொடங்கிய செய்தி என்றால் அதை இந்தியாவில் முதலில் அனுப்பியவரே தொடங்கியவராகக் கருதப்படுவார். வேறெங்கோ பார்த்த வதந்தியை எச்சரிக்கையென நம்பி அனுப்பிய அப்பாவியும் அதில் சிக்குவார். ஒரு குற்றவாளியைத் தேட எல்லோருடைய பூட்டையும் தளர்த்த வேண்டியிருக்கும்.

6. இணைய முடக்கத்தைப் பற்றிப் பேசும்போது காஷ்மீரோடு நிறுத்தாதீர்கள். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் போராடியவர்கள்மீது காவல்துறையின் துப்பாக்கிச் சூடு. 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. வதந்தியைத் தடுக்க என்றார்கள். உண்மைச் செய்திக்கும் அதே வழிதான் இருந்தது. நம் ஊரில் நடந்ததைச் சொன்னால் கேட்பவருக்கு உறைக்கும்.

7. யாருடைய வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வெளியிடாதீர்கள், அவர் எவ்வளவு கேவலமாகப் பேசியிருந்தாலும். தனியுரிமைக்காக வாதாடுகிறவர் அதைச் செய்தால் பிறகு வாதமே இல்லை.

8. தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. ஆபாசமாக ஏசுகிறவரை பிளாக் செய்வது கருத்துரிமைக்கு எதிரானது இல்லை. அவருக்குப் பேச உரிமை உண்டு. நீங்கள் கேட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மிரட்டல் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள்.

9. 66ஏ ரத்தான பிறகும் பல ஆண்டுகள் காவல் நிலையங்களில் அந்தப் பிரிவில் வழக்குப் பதிவு தொடர்ந்தது. இது அதிர்ச்சி தருகிறது என்று 2021இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 2022 அக்டோபரில், யார்மீதும் 66ஏ பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது, நிலுவையில் உள்ள வழக்குகளிலிருந்தும் அந்தப் பிரிவை நீக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்களுக்குத் தெரிந்த யார்மீதாவது அப்படி ஒரு வழக்கு இன்னும் இருந்தால், வலைதளத்தில் வாதாடும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். அந்த உத்தரவை அச்செடுத்து அவருடைய வழக்கறிஞரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.