பேனா முள்ளும் வலையட்டையும்

வைப்பாற்றங்கரையில் அமைந்த சாத்தூர், சேவுக்கும் வெள்ளரிப் பிஞ்சுக்கும் பேர்பெற்ற ஊர். சென்ற நூற்றாண்டில் அவ்வூர்க்குப் பிறிதொரு பெருமையும் இருந்தது. பேனா முள் செய்யும் தொழிற்கூடங்கள் அங்கே பல இயங்கின. விரல் நகத்தின் அளவே உள்ள அம்முள்ளின் வழியாக எத்தனையோ பேருடைய எண்ணங்கள் தாளில் இறங்கின. முள் பழுதுற்றால், கற்றவனும் எழுத இயலாமல் வாளா இருத்தல் வேண்டும்.

இக்காலத்துக் கணிப்பொறிக்கும் அத்தகைய முள் ஒன்று உண்டு. அதுவே நெட்வொர்க் கார்டு என வழங்கும் வலையட்டை. மருத்துவமனை, வங்கி, இரயில் நிலையம் முதலியவற்றின் கணக்குகளைக் காத்து, கேட்பவர் பலர்க்கும் ஒருங்கே வழங்கும் கணிப்பொறியைச் சர்வர் என்பர். சர்வர்களுட் பல, யூனிக்ஸ் என்னும் இயக்க முறையையோ, அதனை ஒத்த லினக்ஸையோ கொண்டு இயங்குவன. யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரால் தொடங்கப்பெற்றது. லினக்ஸ் 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸால் வெளியிடப்பெற்றது. சர்வர் எத்துணை ஆற்றலுடையதாயினும், வலையட்டை கெட்டால் அது கதவடைத்த களஞ்சியத்தை ஒக்கும். உள்ளே நெல் இருந்தும் ஊர்க்குப் பயனில்லை.

எழுத மறுக்கும் பேனாவைக் கண்டவுடன் முள்ளைப் பிடுங்கி எறிதல் அறிவுடைமை ஆகாது. மை தீர்ந்ததோ, தாளில் எண்ணெய் படிந்ததோ, முள்தான் பிளந்ததோ என ஆராய்தல் வேண்டும். திருவள்ளுவரும், பிணி இன்னதெனத் தெளிந்து, அது தோன்றிய காரணத்தைக் கண்டபின்னரே தணிக்கும் வழியை மேற்கொள்ளுமாறு மருத்துவனுக்கு உரைக்கின்றார். பொறிக்கும் அதுவே முறை.

முதற்கண் நோக்கத்தக்கது விளக்கு. வலையட்டையில் கம்பி செருகும் இடத்தருகே சிறு விளக்கு ஒளிரும். அஃது அணைந்திருப்பின், கம்பியையும் அதன் மறுமுனை சேரும் சுவிட்ச் பெட்டியையும் ஐயுறல் வேண்டும். கம்பியை மாற்றிப் பார்க்கலாம். சுவிட்சின் வேறு துளையில் செருகிப் பார்க்கலாம். ஆயின், ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றுதல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றியவன், பொறி மீண்டும் இயங்கினாலும், பழுது எதனிடத்து இருந்தது என அறியான். நல்ல அட்டையை எறிந்துவிட்டுக் கெட்ட கம்பியைப் பேணி வைப்பான்.

விளக்கு ஒளிர்ந்தும் செய்தி செல்லாவிடின், பிங் என்னும் சிறு கட்டளை துணை செய்யும். 1983இல் மைக் மியூஸ் என்பார் இதனை இயற்றினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேட எழுப்பும் ஒலியின் பெயரையே இதற்கு இட்டார். அருகிலுள்ள பொறியை முதலிலும், வெளியுலகுக்கு வழிவிடும் வாயிற்பொறியை அடுத்தும், தொலைவிலுள்ளதை இறுதியிலும் அழைத்தல் முறை. எவ்விடத்தில் மறுமொழி நின்றதோ, அவ்விடத்தருகே பழுதைத் தேடலாம். இதில் ஒரு மயக்கமும் உண்டு. 127.0.0.1 என்னும் எண், பொறி தன்னைத்தானே அழைப்பதற்குரியது. அவ்வழைப்பு வலையட்டையைத் தொடுவதே இல்லை. ஆதலின், அதற்கு விடை கிடைத்தமையால் அட்டை நலமாக உள்ளது எனக் கருதுதல் பிழை.

யூனிக்ஸ் வழிப்பட்ட பொறிகள், வலையட்டை வாங்கியதும் விடுத்ததும் எத்தனை, அவற்றுட் பிழைபட்டன எத்தனை என எண்ணிவரும். அவ்வெண்ணை ஒருமுறை பார்த்துத் தீர்ப்புக் கூறலாகாது. பிழை நேற்று 40, இன்றும் 40 எனில், அஃது ஆறிய வடு. இன்று 4,000 எனில், அது வளரும் புண். இவ்வாறு இடைவிடாது நோக்கிவருதலே கண்காணிப்பு எனப்படும்.

இதன் அருமையைத் தேனியிற் காணலாம். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றபின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் தேனி மருத்துவமனையும் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை நிலையங்களும் கம்பியில்லா வலையால் இணைக்கப்பெற்றன. வெளியூரில் அமர்ந்த நோயாளியைத் தேனியில் இருந்த மருத்துவர் திரையிற் கண்டு உசாவினார். இணைப்பு அறுந்தால், அன்றைக் கூலியை விட்டு வந்த ஏழை, மருத்துவரைக் காணாமலே மீள நேரும்.

இவ்வலையை அமைத்த பெர்க்லிப் பல்கலைக்கழக அறிஞர்கள், தம் பட்டறிவை 2008இல் ஆய்வுரையாக வெளியிட்டனர். கருவிகள் பழுதுற்றதற்குப் பெருங்காரணம் சீரற்ற மின்சாரமே என அவர்கள் கண்டனர். 230 வோல்ட் அளவில் நிற்கவேண்டிய மின்னழுத்தம் சில கணங்களில் 500 வோல்ட்டையும் கடந்து துள்ளியது. புதிய அட்டையை மாட்டுதல் மட்டும் அந்நோய்க்கு மருந்தாகுமோ? ஆகாது, மீண்டும் அதே துள்ளல் அதனையும் அழிக்கும். ஆதலின் மின்காப்பையும் சீர்செய்தனர். கருவிகள் தம் நிலையைத் தாமே தொலைவிலுள்ள பொறிக்கு அறிவிக்குமாறும் செய்தனர். பழுது நீக்கும் பயிற்சியை உள்ளூர்ப் பணியாளர்க்கு அளித்து, நாளடைவில் வலையைப் பேணும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தனர்.

பெரிய சர்வர்களில் இரண்டு வலையட்டைகளை இணைத்து வைத்தல் உண்டு. ஒன்று கெட்டால் மற்றொன்று சுமையைத் தாங்கும். நன்மையான இவ்வேற்பாட்டிலும் ஓர் இடர் மறைந்துள்ளது. வேலை தடைபடாமையால், முதல் அட்டை கெட்டதை எவரும் அறியார். இரண்டாவதும் கெடும் நாளிலேயே இரண்டும் இல்லை என்பது விளங்கும். காவலின்றித் துணை மட்டும் வைத்தலால் வருவது இதுவே.

சிறு பொருளென்று எதனையும் இகழ்தல் கூடாது. முள் சிறிதே, எழுத்து அதனால் நடந்தது. அட்டையும் சிறிதே, தொலைவில் இருந்த மருத்துவரை நோயாளியின் அருகே கொணர்ந்தது அதுவே. பழுது நேர்ந்தபின் பதறுவதினும், அது வளரும்போதே காண்பவன் நல்ல காவலன். கண்டபின் காரணத்தையும் களைபவன் நல்ல மருத்துவன். பொறியைப் பேணுவோன் இவ்விருவரும் ஆதல் வேண்டும்.