தென்னை மரத்தை வெட்டணுமா? டிஷ் திருப்பும் முன் ஒரு டேன் கணக்கு

செட்டாப் பாக்ஸை மட்டும் எச்.டி.க்கு மாத்துறீங்க, கம்பெனி அதேதான், சாட்டிலைட்டும் அதேதான் என்றால் டிஷ்ஷைத் தொடவே வேண்டாம். கம்பெனி மாறும்போதுதான் வேலை இருக்கு. அதே பைப், அதே 60 செ.மீ. டிஷ்ஷா இருந்தாலும் அது பார்க்க வேண்டிய வானம் வேற.

டிடிஎச் சாட்டிலைட் எல்லாம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கி.மீ. உயரத்தில் நிற்பவை. டாடா பிளே 83 டிகிரி கிழக்கு. டிடி ஃப்ரீ டிஷ் 93.5 (2015 நவம்பரில் ஏவிய ஜிசாட்-15). ஏர்டெல் 108.2. தஞ்சாவூர் இருப்பது 79.1 டிகிரி கிழக்கு, 10.8 டிகிரி வடக்கு. செமஸ்டரில் 13 மார்க்குக்கு எழுதிட்டு மறந்துபோற 'லுக் ஆங்கிள்' ஃபார்முலாவில் இதைப் போட்டால் வருவது இதுதான்: டாடா பிளேக்கு எலிவேஷன் 76.5, அசிமுத் 160. ஃப்ரீ டிஷ்ஷுக்கு 69, 126. ஏர்டெலுக்கு 54, 109.

எலிவேஷன் என்பது தொடுவானத்திலிருந்து எவ்வளவு மேலே என்பது. அசிமுத் என்பது வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் எத்தனை டிகிரி என்பது. அதாவது முதலாவது கிட்டத்தட்ட தலைக்கு மேல, கொஞ்சம் தெற்கே. கடைசி ஒண்ணு ஏறக்குறைய கிழக்கே பார்க்கணும். 'எல்லா டிஷ்ஷும் தெற்குப் பார்த்துதான்'னு ஊரில் சொல்றது பாதி உண்மைகூட இல்லை. தவிர, சாட்டிலைட் ரெண்டு டிகிரி தள்ளிப்போனாலே டிஷ்ஷைத் திருப்பியாகணும். 2010 ஜூலை 7 அன்று இன்சாட்-4பி-யில் மின்சாரக் கோளாறு வந்தபோது சன் டைரக்ட் 93.5-லிருந்து 91.5-ல் இருந்த மீசாட்-3க்கு மாற வேண்டியதாச்சு. தஞ்சாவூரில் அந்த மாற்றம் அசிமுத்தில் 4 டிகிரிக்கும் மேல். 60 செ.மீ. டிஷ்ஷின் பீம் அகலமே சுமார் 3 டிகிரிதான்.

இப்போ மரத்துக்கு வருவோம். மரம் 50 அடி, டிஷ் மாடியில் 12 அடி உயரத்தில் என்று வையுங்க. வித்தியாசம் 38 அடி. அதை டேன் எலிவேஷனால் வகுத்தால், மரம் குறைந்தது எவ்வளவு தள்ளி இருக்கணும் என்பது வந்துடும். 83 டிகிரிக்கு 9 அடி. 93.5-க்கு 15 அடி. 108.2-க்கு 28 அடி. அதே தென்னை ஒரு கம்பெனிக்குத் தொல்லையே இல்லை, இன்னொன்றுக்குக் குறுக்கே நிக்குது. லண்டனில் இருக்கும் சொந்தக்காரங்க 28.2 டிகிரி சாட்டிலைட்டைப் பார்க்க எலிவேஷன் 25தான். அங்கே இதே மரம் 80 அடி தள்ளி இருக்கணும். அந்த ஊர் வீடியோவைப் பார்த்துட்டு நம்ம ஊர் மரத்தை வெட்டக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. தண்டிலிருந்து அளக்காதீங்க. தென்னை மட்டை 12, 15 அடி நீளும். மட்டை நுனியிலிருந்து அளங்க. டிடிஎச் அலையின் நீளம் சுமார் 2.5 செ.மீ., அதனால இலையே அதைத் தடுக்கும். மழையில் நனைந்த இலை இன்னும் மோசம். ஐப்பசி அடைமழையில் மட்டும் படம் போகுதுன்னா மழையோட சேர்த்து மரத்தையும் சந்தேகப்படலாம்.

ஒரத்தநாடு பக்கம் எங்க பெரியம்மா வீட்டில் ஃப்ரீ டிஷ் போடும்போது, வந்தவர் தெற்கே 25 அடியில் நிக்கிற தென்னையைக் காட்டி, 'இது போனாத்தான் சிக்னல்' என்றார். பெரியப்பா வெச்ச மரம். பெரியம்மா முகமே சரியில்லை. மாடியில் போய்ப் பார்த்தோம். பார்க்க வேண்டியது தென்கிழக்கு, 126 டிகிரி. தெற்கே இருக்கிற மரம் அந்தக் கோட்டிலிருந்து பக்கவாட்டில் 20 அடி விலகி நிக்குது. மட்டை நுனிகூடத் தொடாது. குறுக்கே வந்தது முருங்கைக் கிளை ரெண்டு. அதைக் கழிச்சதும் சிக்னல் வந்துடுச்சு, அன்னைக்கு முருங்கைக்கீரைப் பொரியலும் ஆச்சு.

எப்படிப் பார்க்கிறது? டிஷ் வரப்போற இடத்தில் மல்லாந்து படுங்க. ஸ்கூல் ப்ரொட்ராக்டர், நடுவில் நூல், நுனியில் ஒரு நட்டு. நேர் விளிம்பு வழியாப் பார்க்கும்போது நூல் காட்டுவது 90-லிருந்து எலிவேஷனைக் கழித்த எண். 69 வேணும்னா நூல் 21-ல் நிக்கணும். திசைக்குப் போன் காம்பஸ் போதும், ஆனால் மாடிக் கம்பியும் டேங்க் ஸ்டாண்டும் அதைக் குழப்பும். தள்ளி நின்று ரெண்டு மூணு இடத்தில் பாருங்க.

டிஷ் முகத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. நம்ம வீட்டு டிஷ் எல்லாம் ஆஃப்செட் வகை. நேராக நிமிர்ந்து நின்றாலே 20, 25 டிகிரி மேலே பார்க்கும். பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கிற மாதிரி தெரியும், அலை சுவருக்கு மேல போய்க்கிட்டிருக்கும்.

எனக்குப் பிடித்த வழி சூரியன். வருஷத்தில் ரெண்டு முறை, தஞ்சாவூருக்கு மார்ச் 15, செப்டம்பர் 27 ஒட்டி, சூரியன் இந்தச் சாட்டிலைட்டுகளுக்கு நேர் பின்னால் கடக்கும். மார்ச்சில் 108.2-க்கு காலை 10.07, 93.5-க்கு 11.15, 83-க்கு 12.04 சுமாராக. செப்டம்பரில் 18 நிமிஷம் முன்னாடி. அந்த நிமிஷத்தில் டிஷ் முகத்திலும் எல்என்பி மேலயும் முழு வெயில் விழுந்தால் லைன் ஆஃப் சைட் கிளியர். இலை நிழல் விழுந்தால் அந்த இலைதான் குற்றவாளி. சூரியனைப் பார்க்காதீங்க, நிழலை மட்டும் பாருங்க.

பெரிய கோயில் விமான நிழல் தரையில் விழாதுன்னு சொல்வாங்களே, அதுக்கும் இந்த டேன்தான். 216 அடி உயரம், சூரியன் 76.5 டிகிரியில் இருக்கும்போது உச்சி நிழல் மையத்திலிருந்து 52 அடிதான் போகும். அடித்தளமே பக்கத்துக்கு ஏறத்தாழ 100 அடி, அதாவது மையத்திலிருந்து 50 அடி. அதே சூரியன் 54-க்கு இறங்கினால் நிழல் 157 அடி.

மரம் நிஜமாவே குறுக்கே நின்றால் பெரிய டிஷ் வாங்காதீங்க. 90 செ.மீ. டிஷ் 60-ஐவிட 2.25 மடங்கு சிக்னல் பிடிக்கும், மழைக்கு உதவும், தென்னையை ஊடுருவாது. டிஷ்ஷைப் பத்தடி நகர்த்துறது மலிவு. 2018 கஜாவில் மரம் போய், பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் வீட்டோரமா புதுக்கன்று வெச்சவங்க இன்னொண்ணும் பாருங்க: இன்னைக்குக் கிளியரா இருக்கிற தென்கிழக்கில் அந்தக் கன்று வளரப்போகுது. பைப்பை அதுக்குத் தள்ளியே நடுங்க.