ஏவல் அறியும் எந்திரம்

மக்கள் ஒருவருக்கொருவர் இடும் ஏவல் பெரும்பாலும் சிறு தொடராகவே அமையும். "தண்ணீர் கொண்டு வா" என்பது அத்தகைய தொடர். உணவுண்பார் அருகில் நின்று இதனைக் கேட்கும் சிறுவன் ஒரு குவளையில் நீர் கொணர்வான். கூரை தீப்பற்றி எரியும்போது கேட்பானாயின், கைக்கு அகப்பட்ட குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடுவான். சொல் ஒன்றே, செயலோ வேறு. எவ்வளவு நீர், எக்கலத்தில், எத்துணை விரைவில் என்பனவற்றை ஏவியவர் கூறவில்லை. கேட்டவன் தானே உணர்ந்துகொண்டான். மனிதர்க்கு இயல்பாய் அமைந்த இவ்வுணர்வை எந்திரத்திற்கு ஊட்டுதல் எளிதன்று.

கணிப்பொறி தோன்றிய காலத்தில் அதனை இயக்குவதற்கெனத் தனிக் குறியீடுகள் இருந்தன. அவற்றைக் கற்றவரே அதற்கு ஆணையிட இயன்றது. மக்கள் பேசும் மொழியிலேயே ஆணையிட்டால் அது விளங்கிக்கொள்ளுமா என்று அறிஞர் சிலர் ஆராயத் தொடங்கினர். அவருள் ஒருவர் டெரி வினோகிராடு என்பவர். அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராய் இருந்த அவர், 1968 முதல் 1970 வரை உழைத்து ஒரு நிரலை இயற்றினார். அதன் பெயர் 'ஷ்ருட்லு'. அச்சகங்களில் வழங்கிய லைனோடைப் பொறியின் விசைப்பலகையில் அடுத்தடுத்து நின்ற ஆறு ஆங்கில எழுத்துகளின் கோவையே அப்பெயர். பொருளை அறியப் பிறந்த நிரலுக்குப் பொருளில்லாச் சொல்லே பெயராய் வாய்த்தது!

அந்நிரலின் உலகம் மிகச் சிறியது. ஒரு மேசை, அதன்மேல் பல நிறக் கட்டைகள், கூம்புகள், ஒரு பெட்டி, அவற்றை எடுத்து வைக்க ஒரு கை. இவையும் மெய்ப்பொருள்கள் அல்ல. திரையில் கோடுகளால் காட்டப்பெற்ற உருவங்களே. ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட ஆணையைப் படித்து நிரல் அக்கையை இயக்கும். கேட்ட வினாவுக்கு விடையும் தரும்.

பெரிய சிவப்புக் கட்டையை எடுக்குமாறு ஒருமுறை அதற்குக் கூறப்பட்டது. அக்கட்டையின்மேல் பச்சைக் கட்டை ஒன்று இருந்தது. அதனை அகற்றுமாறு எவரும் கூறவில்லை. எனினும் நிரல் பச்சைக் கட்டையை முதலில் அப்பால் வைத்துவிட்டுச் சிவப்புக் கட்டையை எடுத்தது. பின்னர்க் கூம்பைப் பற்றுமாறு கூறியபோது, கூம்புகள் பல இருந்தமையால், எக்கூம்பு என்பது விளங்கவில்லை என்றது. கையிலுள்ளதைவிட உயரமான கட்டை ஒன்றைக் கண்டு அதனைப் பெட்டியில் இடுமாறு பிறிதோர் ஆணை பிறந்தது. 'அது' என்னும் சுட்டு, கையிலுள்ள கட்டையையும் குறிக்கலாம். உயரமான கட்டையையும் குறிக்கலாம். உயரமானதையே குறித்ததாகத் தான் கொண்டமையை முன்னர்க் கூறி, அதன் பின்னரே நிரல் செயலில் இறங்கியது.

சுட்டு எதனைச் சுட்டுகிறது என்பதைச் சொற்கள் நின்ற முறை மட்டும் காட்டிவிடாது. "கருங்கல்லின்மேல் மண்குடம் விழுந்தது, அது உடைந்தது" என்னும்போது உடைந்தது குடம். "மண்குடத்தின்மேல் கருங்கல் விழுந்தது, அது உடைந்தது" என்று மாற்றிக் கூறினும் உடைந்தது குடமே. இதனை நமக்கு உணர்த்துவது இலக்கணம் அன்று. கல்லின் வன்மையும் மண்ணின் மென்மையும் பற்றிய உலகியல் அறிவே ஆகும். பல பொருள் குறிக்கும் ஒரு சொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவுறும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூறும் முறை. 'மா காய்த்தது' என்றால் மரம். 'மாவின்மேல் ஏறிப் போருக்குச் சென்றான்' என்றால் குதிரை. சார்பு அறியாதார்க்குச் சொற்பொருள் விளங்காது என்னும் இவ்வுண்மை எந்திரத்திற்கும் பொருந்துவதாயிற்று.

ஷ்ருட்லு தன் மேசைக்கு அப்பால் ஒன்றும் அறியாது. கட்டைகளைப் பற்றி அது அறிந்த அனைத்தும் வினோகிராடு விதிவிதியாக எழுதிச் சேர்த்தவை. பரந்த உலகம் முழுவதையும் அவ்வாறு எழுதி முடித்தல் யாரால் இயலும்? விதிவழி இயங்கும் எந்திரம் மனிதர் உணர்வதுபோல் மொழியை உணர்வதில்லை என்னும் கருத்தை, அவரே 1986 ஆம் ஆண்டில் பெர்னாண்டோ புளோரசு என்பாருடன் இணைந்து எழுதிய நூலில் வலியுறுத்தினார்.

இன்றைய மொழிப்பொறிகள் வேறு நெறியிற் பயில்கின்றன. அளவிறந்த நூல்களையும் எழுத்துகளையும் அவற்றுக்கு ஊட்டுகின்றனர். எச்சொல்லை அடுத்து எச்சொல் வரும் என்று கணித்துக் கணித்தே அவை மொழியிற் பழகுகின்றன. கட்டைகளைப் பற்றி மட்டுமன்றி எதனைப் பற்றியும் அவற்றிடம் பேசலாம், தமிழிலும் ஆணையிடலாம். ஆயினும் ஐயுறவேண்டிய இடத்தில் ஐயுறாது, தாமே ஒன்றைக் கருதிக்கொண்டு செய்து முடித்தலும் அவற்றிடம் உண்டு. மேசைமேல் ஒரு கட்டை இடம் மாறினால் தீங்கு ஒன்றுமில்லை. "பழைய கடிதங்களை நீக்குக" என்னும் ஆணையோ அத்தகையதன்று. ஓராண்டுக்கு முந்தியதும் பழையதே. பத்தாண்டுக்கு முந்தியதும் பழையதே. வினவாது அழித்துவிட்டால், பேணிவைத்த மடல் பின்னர்க் கிடைக்குமா?

ஒரு செயலை ஏன் செய்தாய் என்று ஷ்ருட்லுவை வினவினால் அது காரணம் கூறும். அக்காரணத்திற்குக் காரணம் யாது என மேன்மேலும் வினவிச் சென்றபோது, அது இறுதியாகக் கூறிய காரணம் தன்னை அவ்வாறு செய்யுமாறு வினவுபவரே ஏவினார் என்பதாகும். எந்திரம் எத்துணைத் திறம் பெறினும் செயலின் பொறுப்பு ஏவியவரையே வந்து சேரும். ஆதலின், கருதியதைத் தெளிவுறச் சொல்லப் பழகுதல் வேண்டும். பிறர் ஏவலை ஏற்கும்போது ஐயம் தோன்றின் நாணாது வினவித் தெளிதல் வேண்டும். எந்திரத்தோடு உரையாடும் இக்காலத்திற்கும் மொழிப்பயிற்சி இன்றியமையாதது.