முதலில் தூரம், பிறகு லென்ஸ்

குக்கரஹள்ளி ஏரிக்கரையில் கேமராவும் கையுமாக நிற்கும் இளைஞர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணா, 400 போதுமா? 600 வாங்கணுமா?" நான் திருப்பிக் கேட்பேன்: "எங்கே போய் எடுக்கப் போற தம்பி? பறவை எவ்வளவு தூரத்துல இருக்கும்?" இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் லென்ஸைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி. தெரியாமல் கடைக்குப் போனால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணுக்குத்தான் பணம் கொடுத்துவிட்டு வருவோம்.

இதைக் கற்றுக்கொள்ள மைசூரைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியவில்லை. ஊருக்குள்ளேயே குக்கரஹள்ளி, காரஞ்சி, லிங்காம்புதி ஏரிகள். அரைமணி நேரத்தில் ரங்கனதிட்டு. நஞ்சன்கூடு பக்கம் ஹதினாறு ஏரி. இரண்டு மணி நேரத்தில் கபினி, பந்திப்பூர். ஒவ்வொரு இடத்திலும் தூரம் வேறு, வெளிச்சம் வேறு, நாம் நிற்கும் நிலையும் வேறு. இந்த இடங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு

பறவையின் உயரத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் பெருக்கி, நமக்கும் பறவைக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால், சென்சாரில் அதன் உருவம் எத்தனை மில்லிமீட்டர் விழும் என்று கிடைத்துவிடும். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ. கிராப் சென்சார் ஏறக்குறைய 24க்கு 16 மி.மீ. இந்த நான்கு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் எந்த இடத்துக்கும் எந்த லென்ஸ் என்று வீட்டிலிருந்தே போட்டுப் பார்க்கலாம்.

மஞ்சள்மூக்கு நாரையின் உயரம் சுமார் 1 மீட்டர். அது 20 மீட்டரில் நிற்கிறது, கையில் 400 மி.மீ. லென்ஸ் என்றால் உருவம் 20 மி.மீ. ஃபுல் ஃப்ரேமில் சட்டம் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். கிராப் கேமராவைப் படுக்கை வாட்டில் பிடித்தால் தலையோ காலோ வெட்டுப்படும். அதே இடத்தில் 600 மி.மீ. என்றால் 30 மி.மீ.; படுக்கை வாட்டில் எந்தச் சட்டத்திலும் நாரை முழுதாக அடங்காது.

சிறிய நீல மீன்கொத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அலகு முதல் வால் வரை 16 செ.மீ. தான். 15 மீட்டரில் 400 மி.மீ. லென்ஸுக்கு அது 4 மி.மீ. சொச்சம், 600க்கு 6.4 மி.மீ. கிராப் சென்சாரின் அகலத்தில் கால் பங்கு. ஆக, 600 ஒருவருக்கு அதிகம், இன்னொருவருக்குப் போதவே போதாது. லென்ஸில் மாற்றமில்லை, பறவையும் தூரமும்தான் மாறின.

படகிலிருந்து: ரங்கனதிட்டு

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே காவிரியில் உள்ள இந்தத் தீவுக்கூட்டம், பறவையியலாளர் சாலிம் அலியின் யோசனையால் 1940இல் சரணாலயமானது. 2022இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. கூடு கட்டும் காலத்தில் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாம் அடுத்தடுத்த கிளைகளில் இருக்கும். பாறைமேல் முதலை வாயைத் திறந்து வெயில் காயும். படகு இவற்றுக்கு அருகிலேயே போகும்.

இங்கே நீளமான லென்ஸைவிட, நீளத்தை மாற்றக்கூடிய லென்ஸ்தான் கைகொடுக்கிறது. படகில் நாம் ஓரடி பின்னால் போக முடியாது. ஆற்று ஆலா ஒரு நொடியில் தலைக்கு மேல் வந்து, அடுத்த நொடியில் தூரத்துப் பாறைக்குப் போய்விடும். 100–400, 200–500, 150–600 போன்ற ஸூம் லென்ஸ்கள் இங்கே கொடுப்பதை, நீளம் மாறாத 600 மி.மீ. பிரைம் கொடுப்பதில்லை.

டிரைபாடு படகுக்கு ஆகாது. படகின் அசைவு முழுவதும் கால்கள் வழியாக ஏறி லென்ஸுக்கு வந்துவிடும். முழங்கையை விலாவோடு ஒட்டிக் கையால் பிடிப்பதே நல்லது. லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். பறவையின் அசைவை நிறுத்தாது. உட்கார்ந்த பறவைக்குக்கூடப் படகில் 1/1000 நொடிக்குக் கீழே நான் இறங்குவதில்லை. பாயும் ஆலாவுக்கு 1/2500 வேண்டும்.

கரையில் நடந்து: ஏரிகள்

ஏரிக்கரையில் கதை மாறுகிறது. இங்கே கால் நம்முடையது. நாலடி முன்னே, நாலடி பின்னே போகலாம். அதனால் ஸூமின் அவசியம் குறைந்து, எடையும் கூர்மையும் முக்கியமாகின்றன. குக்கரஹள்ளியைக் காலையில் ஒரு சுற்று வரும்போது இரண்டு கிலோ லென்ஸ் தோளில் தொங்கினால், பாதிச் சுற்றுக்குப் பிறகு கேமராவை உயர்த்தவே மனம் வராது. பாம்புத்தாரா சிறகு விரிக்கும் கணம் அப்போதுதான் வரும்.

எடைகளைப் பாருங்கள். நிக்கான் 200–500 எஃப் 5.6 சுமார் 2.3 கிலோ. சோனி 200–600 சுமார் 2.1 கிலோ. சிக்மா 150–600இல் கன்டெம்ப்ரரி வகை 1.9 கிலோவுக்குச் சற்று மேல், ஸ்போர்ட்ஸ் வகை 2.8 கிலோவுக்கு மேல். கேனன் 400 எஃப் 5.6 பிரைம் 1.25 கிலோதான்; ஆனால் அதில் நடுக்கத் தடுப்பு இல்லை. நிக்கான் 500 எஃப் 5.6 பிஎஃப் 1.46 கிலோ. ஃப்ரெனெல் வகைக் கண்ணாடியைப் பயன்படுத்தி எடையைக் குறைத்திருக்கிறார்கள். நடந்து எடுப்பவருக்கு இந்த வகை லென்ஸ் ஒரு வரம்.

குறைந்தபட்சக் குவியத் தொலைவையும் பாருங்கள். கேனன் 400 பிரைமுக்கு அது 3.5 மீட்டர், கேனன் 100–400 இரண்டாம் பதிப்புக்கு 1 மீட்டருக்கும் குறைவு. காரஞ்சியில் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் எடுக்க நினைப்பவர்களுக்கு இந்த ஓர் எண்ணே லென்ஸைத் தீர்மானித்துவிடும்.

குளிர்காலத்தில் ஹதினாறு ஏரிக்கு வரித்தலை வாத்துகள் வரும். அவை நீரின் நடுவிலும் எதிர்க் கரையிலும் கூட்டமாக இருக்கும். 80 மீட்டரில் 600 மி.மீ. கூட அவற்றைச் சிறிதாகத்தான் காட்டும். இங்கே நீளம் உண்மையாகவே வேண்டும். ஆனால் காலை 9 மணி தாண்டினால் நீர்ப்பரப்பின் மேல் காற்று கொதிக்கத் தொடங்கி, படம் அலையடித்ததுபோல் குழைந்துவிடும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. தூரப் பறவைகளுக்கு விடியற்காலையே ஏற்ற நேரம்.

ஜீப்பிலிருந்து: கபினி

கபினிக்கு முதல்முறை போகிறவர்கள் இருப்பதிலேயே நீளமான லென்ஸோடு வருவார்கள். காட்டுப் பாதை குறுகலானது. புலி வந்தால் 20 மீட்டரில்கூட வரும். தலை முதல் பின்புறம் வரை 2 மீட்டர் என்று வைத்தால், 400 மி.மீ.யில் உருவம் 40 மி.மீ. ஃபுல் ஃப்ரேமின் அகலமே 36தான். கோடையில் நீர்த்தேக்கக் கரைக்கு வரும் யானைக் கூட்டத்துக்கோ 100, 200 மி.மீ. போதும். ஜீப்பை விட்டு இறங்கவும் முடியாது, ஓட்டுநரிடம் பின்னால் எடுக்கச் சொல்லவும் முடியாது. எனவே 100 அல்லது 150இல் தொடங்கும் ஸூம் ஒன்று. முடிந்தால் 70–200 மாட்டிய இரண்டாவது கேமரா ஒன்று.

ஜீப்பின் கம்பியில் லென்ஸைத் தாங்க பீன் பேக் எடுத்துச் செல்லுங்கள். வெறும் பையாகக் கொண்டுபோய், அங்கே அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். கர்நாடக வனத்துறை சஃபாரிகளில் லென்ஸின் நீளத்தைப் பொறுத்துக் கேமராக் கட்டணம் கூடும். புறப்படும் முன்பே விசாரித்துச் செலவில் சேர்த்துவிடுங்கள்.

வெளிச்சத்தின் விலை

நீளத்துக்கு அடுத்தது அப்பர்ச்சர். எஃப் 5.6ஐவிட எஃப் 4 இரண்டு மடங்கு வெளிச்சம் தரும், அதாவது ஒரு படி; எஃப் 2.8 நான்கு மடங்கு, அதாவது இரண்டு படி. விடியலில் மரநிழலில் நிற்கும் சிறுத்தைக்கு எஃப் 5.6இல் ஐஎஸ்ஓ 6400 தேவைப்பட்டால், எஃப் 2.8இல் 1600 போதும். இந்த இரண்டு படிக்குத்தான் லட்சக்கணக்கில் விலை. 600 எஃப் 4 லென்ஸின் முன்கண்ணாடி 150 மி.மீ. அகலம் இருந்தாக வேண்டும். அதனால்தான் அவை மூன்று கிலோவை ஒட்டியும் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டியும் நிற்கின்றன.

என் அனுபவத்தில், ஏரியிலும் ஆற்றிலும் வெட்டவெளியில் எடுப்பவருக்கு எஃப் 5.6 அல்லது 6.3 தாராளம். இவை இரண்டுக்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு படிதான்; அதற்காக மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதோடு, கிராப் கேமராவில் 400 மி.மீ., எஃப் 5.6 வைத்து 10 மீட்டரில் எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஒரு சாண்கூட இல்லை. நாரையின் கண் கூர்மையாக இருக்கும்போது அலகின் நுனி மங்கும். அகன்ற அப்பர்ச்சர் கையில் இருந்தாலும் பகலில் அதைக் குறுக்கத்தான் போகிறோம்.

லென்ஸின் நீளத்தைப் பெருக்கித் தரும் டெலிகன்வெர்ட்டர் பற்றி ஒரு வார்த்தை. 1.4 மடங்கு மாட்டினால் ஒரு படி வெளிச்சம் போகும். 2 மடங்கு என்றால் இரண்டு படி. பழைய டிஎஸ்எல்ஆர் பலவற்றில் எஃப் 5.6ஐத் தாண்டினால் ஆட்டோஃபோகஸ் தடுமாறும் அல்லது நின்றுவிடும். மிரர்லெஸ் வந்தபின் அந்தத் தடை பெரிதும் போயிற்று. 2020இல் கேனன் எஃப் 11இல் 600, 800 மி.மீ. லென்ஸ்களையே கொண்டுவந்தது. 800 மி.மீ. லென்ஸ் 1.26 கிலோதான். நல்ல வெயிலில் ஹதினாறு வாத்துக்கு அது சரி. கபினியின் விடியலுக்குச் சரிவராது. பிரைம் லென்ஸோடு 1.4 கன்வெர்ட்டர் நன்றாக ஒத்துப்போகும். மலிவு ஸூமோடு சேர்த்தால் கூர்மை குறைவது கண்ணுக்கே தெரியும்.

என் பரிந்துரை

முதல் லென்ஸ் வாங்குபவருக்கு: கிராப் கேமராவும் 100–400 அல்லது 150–600 ஸூமும். மைசூரைச் சுற்றியுள்ள பெரும்பாலான காட்சிகள் இதற்குள் அடங்கும். கொக்கரே பெள்ளூரில் வீடுகளுக்கு நடுவே மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் 100–400ஏ மிகுதி.

நடந்தே எடுப்பவருக்கு, சின்னப் பறவைகளில் மனம் வைத்தவருக்கு: எடை குறைந்த 400 அல்லது 500 பிரைம். காட்டு விலங்குகளை மட்டும், அதுவும் விடியலிலும் அந்தியிலும் தேடுபவருக்கு: நீளத்தைக் குறைத்துக்கொண்டு எஃப் 2.8 அல்லது எஃப் 4. எஃப் 4 பெரிய பிரைம்களை வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துவதே பெரும்பாலோருக்கு விரலுக்கேற்ற வீக்கம். பெங்களூரில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது.

பழைய லென்ஸ் வாங்கினால் நான்கு சோதனைகளைத் தவறவிடாதீர்கள். முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பின்வழியே பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் பூஞ்சை. ஸூமின் இரண்டு முனையிலும், அருகிலும் தூரத்திலும் ஃபோகஸ் செய்து எடுத்து, கணினித் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். நடுக்கத் தடுப்பை இயக்கி, படம் நிலைகொள்கிறதா என்று கவனியுங்கள். மவுண்ட் வளையத்தின் திருகுகளில் தேய்மானம் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று பொருள். புதிது என்றால் ஜிஎஸ்டி ரசீதும் இந்திய உத்தரவாத அட்டையும் இல்லாமல் வாங்காதீர்கள்.

மழைக்காலம் முழுவதும் லென்ஸைத் தோள்பையிலேயே வைத்திருக்கக் கூடாது. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கும் உலர் பெட்டி நல்லது. இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். கோடைக் காட்டுப் பாதையின் செம்மண் தூசி, நீண்டு சுருங்கும் ஸூமுக்குள் காற்றோடு போகும். ஜீப் ஓடும்போது துணியால் மூடி வைப்பது என் வழக்கம்.

லென்ஸ் தராத நெருக்கம்

தமிழ் எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996), பல பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டிய கனத்த கேமராவால் கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தவர். தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள் (1932–2017) ஃபிலிம் காலத்தில் காட்டுயிர்ப் படங்களால் உலக அரங்குகளில் பெயர் பெற்றார். மைசூரின் கிருபாகர்–சேனானி இணை செந்நாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எடுத்த 'தி பேக்' படம் 2010இல் வைல்ட்ஸ்கிரீன் பாண்டா விருது வென்றது. விலங்கு எப்போது எங்கே வரும், எதற்கு அஞ்சும் என்று இவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த அறிவு இருந்தால் நூறு மில்லிமீட்டர் குறைந்தாலும் நஷ்டமில்லை.

நீளமான லென்ஸுக்கு என்னைப் பொறுத்தவரை முதன்மையான காரணம், பறவை நம்மைப் பொருட்படுத்தாத தூரத்திலேயே நிற்க முடிவதுதான். கூட்டில் இருக்கும் நாரை எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் ஆளாகும். பறவை தலையை உயர்த்தி நம்மையே பார்க்கத் தொடங்கினால் அங்கேயே நிற்க வேண்டும். படம் சிறிதாக வந்தாலும் சரி. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் கூட்டருகே ஃப்ளாஷ் அடிப்பதும் வேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். வாங்குமுன் ஒரு 150–600 ஸூமை வாடகைக்கு எடுத்து, நீங்கள் வழக்கமாகப் போகும் இடங்களுக்கே கொண்டுபோங்கள். வீடு திரும்பியதும், உங்களுக்குப் பிடித்த படங்கள் எந்தக் குவியத் தூரத்தில், என்ன ஐஎஸ்ஓவில் எடுக்கப்பட்டவை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கேமரா எல்லாவற்றையும் கோப்பிலேயே குறித்து வைத்திருக்கும். பெரும்பாலானவை 300க்குக் கீழே இருந்தால் 600 உங்களுக்கு வேண்டாம். எல்லாம் 600இல் முட்டிக்கொண்டு நின்றால் வாங்குங்கள், தயங்காதீர்கள். ஐஎஸ்ஓதான் எகிறியிருக்கிறது என்றால் உங்களுக்குத் தேவை வெளிச்சம். மிச்சமாகும் பணத்தைப் பயணத்துக்கு ஒதுக்குங்கள். ஒரே ஏரிக்கு எல்லாப் பருவத்திலும் போய்வருபவருக்குக் கிடைக்கும் படங்களை எந்த லென்ஸும் தனியாகத் தந்துவிடாது.