காட்டவும் மறைக்கவும் உரிமை

ஆஸ்திரேலியாக் கண்டத்தின் நடுவே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கில் ஏறக்குறைய 290 கிலோமீட்டர் தூரத்தில், யுண்டுமு என்னும் சிற்றூர் உளது. வால்பிரி என்னும் ஆதிக்குடியினர் அங்கு வாழ்கின்றனர். 1985-ஆம் ஆண்டில், அரசாங்கத்தாரின் அனுமதி பெறாமலே, இவ்வூரார் சிறியதோர் தொலைக்காட்சி நிலையத்தைத் தாமே நடத்தலாயினர். தெற்கேயுள்ள எர்னபெல்லாவிலும் பிட்ஜன்ட்ஜட்ஜாரா மொழியினர் அதே ஆண்டில் அவ்வாறே செய்தனர். இத்துணிவு எதனால் உண்டாயிற்று?

அவ்வாண்டிலேதான் ஆஸ்திரேலியாவின் முதற் செய்தித்தொடர்புச் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. அதுவரை தொலைக்காட்சி எட்டாதிருந்த பாலைவனத்து ஊர்களுக்கு ஆங்கிலக் காட்சிகள் இடைவிடாது வந்திறங்கும் காலம் நெருங்கிற்று. 1788-இல் வெள்ளையர் குடியேறியபோது அக்கண்டத்தில் 250-க்கு மேற்பட்ட மொழிகள் வழங்கின. இக்காலத்தில் குழந்தைகள் தாய்மடியிலேயே கற்கும் மொழிகள் ஏறக்குறைய ஒரு டஜனே. ஆகவே முதியோர் கொண்ட அச்சம் வீண் அச்சமன்று. எனினும் அவர்கள் புதிய கருவியை வெறுத்து ஒதுக்கினாரல்லர். அதனைத் தம் கைப்படுத்திக்கொள்ள முயன்றனர். எர்னபெல்லா 1937-இல் பிரஸ்பிடேரியன் மிஷனாரால் நிறுவப்பெற்ற ஊர். அங்குப் பள்ளிப் பிள்ளைகள் தாய்மொழியிலேயே எழுத்துக் கற்றனர். அயலார் கொணர்ந்த எழுத்தைத் தம் மொழிக்கு உரியதாக்கிய அனுபவம் அவ்வூராருக்கு முன்னரே இருந்தமை நினைக்கத்தக்கது.

இனி, வால்பிரியார் படம்பிடித்த முறையை நோக்குவோம். 1928-ஆம் ஆண்டில் கானிஸ்டன் என்னும் மாட்டுப்பண்ணைப் பகுதியில் வெள்ளையர் ஒருவர் கொலையுண்டார். அதற்குப் பழிவாங்கப் போலீஸ்காரர் ஒருவர் தலைமையிற் சென்ற கூட்டம் ஆதிக்குடிகளைப் பல இடங்களிற் சுட்டுக் கொன்றது. அரசாங்க விசாரணை ஒப்புக்கொண்ட தொகை 31. மடிந்தோர் அதனினும் மிகப் பலர் என்பது வால்பிரியார் கூற்று. சுட்டவர்மேற் குற்றமில்லை என்றே அவ்விசாரணை முடிந்தது. அரை நூற்றாண்டிற்குப் பின்னர், அந்நிகழ்ச்சியை முதியவர் ஒருவர் அவ்விடத்திலேயே நின்று சொல்ல, ஊரார் வீடியோ நாடாவிற் பதிந்தனர்.

அந்நாடாவைப் பார்க்கும் அயலாருக்கு வெறும் மண்ணும் குன்றும் புதருமே நெடுநேரம் தோன்றும். வால்பிரியாருக்கோ முன்னோர் நடந்த வழியும், ஒளிந்த இடமும், வீழ்ந்த இடமும் அங்கே புலப்படும். காட்சியிற் காணப்படுவோர் சிலரே. உடன் சென்றோர் பலர். ஒவ்வொரு நிலத்துக்கும் கதைக்கும் தந்தை வழியால் உரிமை பெற்றோர் ஒரு சாரார். தாய் வழியால் காவல் பூண்டோர் மற்றொரு சாரார். முன்னவர் சொல்ல, பிழையின்றிச் சொல்லப்படுகிறதா என்று பின்னவர் உடனிருந்து நோக்குவர். இவ்விரு சாராரும் இல்லாத இடத்திற் சொல்லப்படுவது எத்துணை அழகியதாயினும் மெய்யென ஏற்கப்படாது. அவ்வூரில் தங்கி ஆராய்ந்த அமெரிக்கராகிய எரிக் மைக்கேல்ஸ் என்பார் இதனை விரிவாக எழுதியுள்ளார். எல்லாரும் எல்லாவற்றையும் அறியலாம் என்பது நம் கல்லூரிகளில் வழங்கும் கொள்கை. வால்பிரியாரிடத்தில் அறிவு உரிமையுள்ள சொத்து. இவ்வேற்றுமையை உணராதார் அவர்களுடைய ஒளிபரப்பை விளங்கிக்கொள்ளல் அரிது.

பெரிய நிலையங்களின் வரலாற்றில் இத்துணைத் தெளிவு இல்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1980-இல் தோன்றிய ஆதிக்குடியினர் ஒலிபரப்புச் சங்கம் வானொலியில் சுதேச மொழிகளை ஒலிக்கச் செய்து நற்பணி புரிந்தது. அதன் முயற்சியாற் பிறந்த இம்பார்ஜா தொலைக்காட்சி 1988-இல் தொடங்கிற்று. காலடித்தடம் என்னும் பொருளுடைய அரெர்ன்டே மொழிச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. ஆயினும் அது பெரும்பாலும் நகரத்து வியாபார நிகழ்ச்சிகளையே காட்டிற்று. விளம்பர வருவாய் இன்றி நிலையம் நடவாது. அவ்வருவாயோ பெருங்கூட்டம் விரும்புவதையே நாடும். உரிமையாளர் ஆதிக்குடியினர் ஆயினமட்டில் ஒளிபரப்பும் அவர்களுடையதாகிவிடாது என்பது என் கருத்து. 1987 முதல் அரசாங்கம் எண்பது ஊர்கள் வரை சிறு கருவிகளை வழங்கிற்று. பழுதுபார்க்கப் பணமும், பயிற்றுவிக்க ஆளும் போதிய அளவில் வாராமையால் சிலவிடங்களில் அவை தூசி படிந்து கிடந்தன. நாடு முழுமைக்குமான ஆதிக்குடித் தொலைக்காட்சி 2007-இல் தான் தோன்றிற்று.

ஊராரின் வழக்கங்களுள் ஒன்று மட்டும் பொதுவழக்காயிற்று. ஒருவர் இறந்தால் அவர் பெயரைச் சில காலம் சொல்லார், உருவத்தைக் காணார், குரலைக் கேளார். அவர் தோன்றும் நாடா அலமாரியில் ஒதுக்கி வைக்கப்படும். துக்கம் தணிந்து உறவினர் இசைந்த பின்னரே வெளிவரும். இப்பொழுது ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில், இறந்தோர் உருவமும் குரலும் வரக்கூடும் என்று ஆதிக்குடிகளுக்கு முன்னறிவிப்புச் செய்த பின்னரே அத்தகைய காட்சிகளைக் காட்டுகின்றனர்.